பத்து டிகிரி கூடினால்

ஹாஜரா பீவி பப்பாளிக்காயை அரைத்து ஆட்டுக்கறியில் பிசறிக்கொண்டிருக்கும்போது, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நிற்பாரே, அவளுடைய கணவர், அந்த இனத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். காரணம்சொல்லி என்று பெயர் வைத்திருக்கிறேன். தென்காசியில் தெருவுக்கு இரண்டு பேராவது தேறுவார்கள். ஒரு வேலையும் செய்யமாட்டார்கள். மற்றவர் செய்யும் வேலை ஏன் நடக்கிறது என்று சொல்லாமல் அதை நடக்கவும் விடமாட்டார்கள்.

அந்தக் கணவர், அப்துல் மஜீது, பி.எஸ்ஸி. தேறியவர். அவர் இருந்த ஜவுளிக்கடையில் அந்தப் படிப்புக்கு வேலையில்லை. வீட்டில் அதற்கு வேலை கொடுத்தார்.

"பப்பாளியில என்சைம் இருக்கு. அதுதான் கறிய மெதுவாக்குது. பத்து டிகிரி சூடு கூடினா வேகம் ரெட்டிப்பு!"

போன வருஷச் சாரலில், குளிரில் ஊறாமல் விறைத்துக் கிடந்த கறியை அடுப்போரம் நகர்த்தச் சொன்னார். பஞ்சாக வெந்தது. அதுதான் வந்த வினை. ஒரு தடவை பலித்துவிட்டால் இந்த இனத்தை யார் பிடிப்பது?

இந்தச் சாரலில் மகள் மெஹர் பானுவைப் பார்க்கக் கடையநல்லூர்க்காரர்கள் வந்தார்கள். குற்றாலத்தில் குளியல், மஜீது வீட்டில் சாப்பாடு, பிடித்துவிட்டால் அங்கேயே பேச்சு முடிவு. மாப்பிள்ளையின் போட்டோவைப் பானு இரண்டு தடவை கேட்டு வாங்கிப் பார்த்திருந்தாள்.

"இன்னும் ஊறலியா? தள்ளு இங்கன," என்று அடுக்களைக்குள் வந்தார் மஜீது.

"அது பாட்டுக்குக் கிடக்கட்டும். நீங்க போங்க."

"அடுப்போரத்துக்கே அம்புட்டு வேகம்னா, கொதிதண்ணிக்கு எம்புட்டு? கணக்குப் போட்டுப் பாரு."

ஹாஜரா கணக்குப் போடுவதற்குள் கறியில் கொதிநீரை ஊற்றிவிட்டார். வெதுவெதுப்பில் ஓடியாடி உழைக்கும் என்சைம் கொதிநீரில் செத்துப்போகும். செத்தவன் என்ன வேலை பார்ப்பான்? கறியோ முற்றின கிடா, விருந்தாளிகளோ வாசலில்.

மாப்பிள்ளையின் தாய்மாமா மூசா ஒரு துண்டைக் கடித்தார். இழுத்தார். பல்செட்டு துண்டோடு வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. இனி மஜீதும் பேசாமலிருந்தால் பிழைத்திருக்கலாம்.

"ஒங்க பல்லுல குத்தமில்ல, பாய். இதுல ஒண்ணு செத்துப்போச்சு, அதான்."

எல்லாக் கைகளும் நின்றன.

"பெறவு சொல்லி அனுப்புதோம்," என்று மூசா கை கழுவ எழுந்தார். அதன் பொருள் உங்களுக்குத் தெரியும்.

அந்த என்சைம் எத்தனை டிகிரியில் செத்திருக்கும், எழுபதா, எண்பதா என்று எனக்குத் திருத்தம் சொல்ல உங்கள் நாக்கு துறுதுறுக்கிறதா? அப்படியானால் உங்கள் வீட்டிலுள்ளவர்கள் பாவம். மஜீதுக்கும் அப்படித்தான் துறுதுறுத்தது.

"தத்துவத்துல தப்பில்ல, பானு," என்றார், வில்வண்டி தெருமுனை திரும்பியதுமே. "சூடுதான் கூடிப்போச்சு. அறுபதோட நிறுத்தியிருக்கணும். ஏன்னு கேளு."

மெஹர் பானு விருந்துக்கு விரித்த பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.