கையை விடாத ரசிகர்

ரசிகர் என்றொரு சாதாரணப் பிறவி உண்டு. பாட்டைக் கேட்பார், தலையை ஆட்டுவார், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவார். அவரால் யாருக்கும் தொந்தரவில்லை. நான் சொல்ல வந்தது மகா ரசிகர் என்கிற இன்னொரு இனத்தைப் பற்றி. தாம்பரத்திலிருந்து செம்பாக்கம் வரை தெருவுக்கு ஒருவராவது தேறுவார். இவர் வாசிப்பைக் கேட்பதோடு நிற்கமாட்டார். வாசிப்பவரைத் தெரியும் என்பார்.

எங்கள் செம்பாக்கம் தெருவில் அந்தப் பொறுப்பை வகித்தவர் தேவானந்தம் சார். ஊரே சினிமாப் பாட்டில் மூழ்கியிருந்த எண்பதுகளில் ஜாஸ் கேட்டவர். கேட்டவர் என்ன, கேட்கவைத்தவர்! ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் டேப் ரிக்கார்டரை ஜன்னலில் வைத்து, க்ளிஃபர்ட் மேடன் என்கிற அமெரிக்கரின் சாக்ஸபோனைத் தெருவுக்கே திறந்துவிடுவார். யாராவது எட்டிப் பார்த்தால் தொலைந்தார்கள்.

"பேசாதீங்க! இப்ப நடுவுல சட்டுனு நிறுத்துவான் பாருங்க. அந்த மௌனத்தை ரசிக்கத் தெரியணும். அதுதான் ஜாஸ்!"

மௌனம் வரும். அது முடியும்வரை அவரே பேசுவார்.

"பம்பாய்ல என் கையைப் பிடிச்சுக் குலுக்கினான். 'தேவா, உன்னை மறக்கமாட்டேன்'னான்" என்பது அவருடைய நிரந்தர வாக்குமூலம். நாங்களும் நம்பினோம். மேடன் என்ன, செம்பாக்கம் வரை வந்து மறுக்கவா போகிறார்?

வந்துவிட்டார். எண்பத்தெட்டு ஜனவரியில் தாம்பரத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் திறந்தவெளிக் கச்சேரி, அனுமதி இலவசம் என்று சுவரெல்லாம் போஸ்டர். அன்றிலிருந்து சாருக்குச் சோறு இறங்கவில்லை. ஏரிப் பக்கத்து நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு, தெருவில் வம்பு பேசுவதையே தொழிலாக வைத்துக்கொண்டிருந்த லோகநாதன் வேறு விடவில்லை.

"இன்னா சார், உங்க ஃபிரெண்டு வராராமே! உங்களை அடையாளம் தெரியும்ல? இல்லாங்காட்டி பேஜாராப் பூடும்!"

மேடன் தம் கையைப் பிடிக்கவேண்டும், அதைத் தெருவே பார்க்கவேண்டும். இத்தனை வருடக் கௌரவமும் அதில்தான் தொங்கியது. பாரிமுனைக்குப் போய் ஜரிகை போட்ட பொன்னாடை வாங்கினார், ஸ்டுடியோ ஜெயவேலுவை ஃபிளாஷோடு வரச் சொல்லி முன்பணம் கொடுத்தார், கோட்டைத் தேய்த்தார், மனைவி ரத்தினபாயைப் பட்டுப்புடவை கட்டவைத்தார், முன்வரிசையில் எங்களையெல்லாம் உட்காரவைத்து, இருமியவரைக்கூட முறைத்தார்.

மேடன் வாசித்தார். உண்மையைச் சொல்லவேண்டும், அற்புதமாக வாசித்தார். இரண்டாவது உருப்படியில் லோகநாதனே வாயை மூடிக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வாசிப்பு ஏறி ஏறி உச்சிக்குப் போய்ச் சட்டென்று நின்றது. மேடன் வாத்தியத்தை உதட்டிலிருந்து எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அதே மௌனம்! சாரிடம் பாடம் கேட்ட எங்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. ஒருவரும் கைதட்டவில்லை.

ஒருவர் மட்டும் எழுந்தார்.

யார் என்று சொல்லவும் வேண்டுமா? விறுவிறுவென்று மேடையேறி, பொன்னாடையைச் சாக்ஸபோனோடு சேர்த்துப் போர்த்தி, மேடனின் வலது கையைப் பற்றிக்கொண்டு, முகத்தை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார்.

"சார், அப்படியே இருங்க! ஃபிளாஷ் ஏறிக்கினு கீது!" என்று கத்தினார் ஜெயவேலு.

ஃபிளாஷ் அடிக்கும்வரை பொன்னாடை போர்த்தியவர் கையை விடுவது நம் வழக்கமில்லை. மேடனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? கல்லூரியின் பெரிய அதிகாரி போலிருக்கிறது, மரியாதை செய்து முடித்துவைக்கிறார் என்று நினைத்துவிட்டார். குனிந்து, "ஐயா, நேரமாகிவிட்டதா? இத்தோடு நிறுத்திக்கொள்ளட்டுமா?" என்று ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டார். இருவருக்கும் நடுவில் மைக். மரத்துக்கு மரம் கட்டியிருந்த ஸ்பீக்கரில் மைதானம் முழுக்கக் கேட்டது.

சார் காமிராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அத்தனை பல்லும் தெரிய, "யெஸ், யெஸ். தேங்க் யூ!" என்றார்.

ஃபிளாஷ் அடித்தது. மேடன் கூட்டத்தைக் கும்பிட்டுவிட்டு, பொன்னாடையோடு உள்ளே போய்விட்டார். டிரம்ஸ்காரர் தலையைச் சொறிந்துகொண்டு பின்னால் போனார். கச்சேரி நடத்தியவர்கள் விஷயத்தை விளக்க ஓடுவதற்குள் வேன் கிளம்பிவிட்டது.

"நல்லா ஊதிக்கினு இருந்த மனுசனை நிறுத்தச் சொல்லிட்டீங்களே சார்!" என்றார் லோகநாதன். அவர் குரலில் முதல் தடவையாக வம்பு இல்லை, வருத்தம் இருந்தது.

"அவர் என்னமோ கேட்டாரே, உங்க காதுல விழலையா?" என்றார் ரத்தினபாய்.

"நீ சும்மா இரு. கையைப் பாத்தியா? விடவே இல்லை அவன்!"

அந்தப் படம் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அவர் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. டேப் ரிக்கார்டர் அதன் கீழே துணி போர்த்திக்கொண்டு கிடக்கிறது. படத்தில் மேடனின் வாய் லேசாகத் திறந்திருக்கும். "'தேவா, எப்படி இருக்கே'ங்கிறான்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சார் விளக்குகிறார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டு ஹாலிலும் ஒரு படம் இருக்குமே, யாரோ ஒரு பாடகரோ எழுத்தாளரோ, பக்கத்தில் காமிராவைப் பார்த்துக்கொண்டு நீங்கள்? கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். அவர் வாய் லேசாகத் திறந்திருக்கிறதா? உங்களிடம் அவர் என்ன கேட்டார்?