துத்தநாக உறுதிமொழி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டது. மூன்றாவதாக ஏதாவது நடந்ததென்றால், அது புதுச்சேரி சாரத்தில் எங்கள் ‘நெற்பயிர்த் துத்தநாக மேம்பாட்டு மையம்’ திறக்கப்பட்டதுதான். அதன் துணை இயக்குநர் என்ற முறையில் இதை முழு நடுநிலையோடு சொல்கிறேன்.

திறந்த வாரமே பாகூரிலிருந்து செல்வாம்பாள் என்ற விவசாயி வந்தார். கையில் பிடுங்கிய நெற்பயிர். இலையெல்லாம் துருப்பிடித்த தகரம்போல் பழுப்பு.

“சார், நட்டு மூணு வாரம் ஆவுது, பயிரு தலையே தூக்கல. துத்தநாகம் போடச் சொல்றாங்க. கடையில இல்ல. இங்க மூட்ட மூட்டயா கீதாமே?”

இயக்குநர் அறிவுமதிக்குக் கண் கலங்கியது. ஆனந்தக் கண்ணீர். பிரான்சிலிருந்து ஒரு குழு வரப்போகிறது. அவர்களுக்குக் காட்டத் தரமான குறைபாடு ஒன்று கிடைக்காமல் மனிதர் தூக்கமிழந்திருந்தார்.

“அற்புதம்மா! இத அப்படியே காப்பாத்தணும்.”

“பயிரயா சார்?”

“பழுப்ப! குழு வந்து பாத்துட்டுப் போவட்டும். அப்புறம் மூட்டை தர்றோம்.”

“அதுக்குள்ள செத்துடும் சார். அத நம்பித்தான் வூட்ல ஒல கொதிக்குது.”

“செத்தா இன்னும் தெளிவாத் தெரியும்.”

என்ன தொலைநோக்கு! செல்வாம்பாள் பயிரைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டார். உதட்டைக் கடித்துக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

அப்போது எங்கள் தினசரி உறுதிமொழி நேரம். வாசலில் மாலை போட்டு வைத்திருந்த துத்தநாக சல்பேட் மூட்டைகளை நோக்கி வலக்கையை நீட்டி, பக்தியோடு கண்களை மூடி, ஊழியர் அனைவரும் முழங்கினோம்: “மண்ணின் குறை தீரும்வரை ஓயமாட்டோம்!”

கண்ணைத் திறந்தால் ஒரு மூட்டையைக் காணோம். செல்வாம்பாளையும் காணோம். தெருமுனையில் ஒரு மொபெட், பின்னால் மாலை பறக்க, பறந்துகொண்டிருந்தது.

போலீசுக்குச் சொல்வதா என்று ‘அவசரக் கூட்டம்’ கூட்டினோம். வடை ஆறிப்போனது குறித்த விவாதம் நீண்டதால் முடிவு எட்டப்படவில்லை. செல்வாம்பாளோ அன்றே வயலில் தண்ணீரை வடித்து, மூட்டையைப் பிரித்து, மணலோடு கலந்து வீசிவிட்டார்.

குழு வந்த நாளில் வயல் கிளிப்பச்சை!

“யாரக் கேட்டுப் பச்சையாச்சு?” என்று அறிவுமதி என் காதில் சீறினார். வரப்பில் செல்வாம்பாள் முந்தானையை இறுகப் பிடித்தபடி, ஜெயிலுக்குப் போகத் தயாராக நின்றார்.

குழுத் தலைவர் வயலைப் பார்த்தார். “த்ரே பியான்!” என்று பிரெஞ்சில் பாராட்டிக் கைதட்டினார்.

இயக்குநரின் முதுகு உடனே நிமிர்ந்தது. “எல்லாம் எங்கள் மையத்தின் சாதனை!” என்று அறிவித்துவிட்டு மைக்கைச் செல்வாம்பாளிடம் நீட்டினார். “நாலு வார்த்த சொல்லும்மா.”

செல்வாம்பாளுக்கு உயிர் வந்தது. “ஆபீசர்ங்க அல்லாம் நல்லவங்க. கண்ண மூடிக்கினு நின்னாங்க. அதனாலதான் என் நெல்லு பொழச்சுது.”

நான் பிரெஞ்சில் மொழிபெயர்த்தேன்: “அதிகாரிகளின் தியான பலத்தால்.”

மையத்துக்கு விருது கிடைத்தது. அது இப்போது மிச்ச மூட்டைகளின் மேல் வீற்றிருக்கிறது. பாகூரில் பக்கத்து வயல்களெல்லாம் பழுப்பேறிக் கிடக்கின்றன என்று சிலர் குறை சொல்கிறார்கள். அபாண்டம். எங்களிடம் துத்தநாகத்துக்குக் குறைவே இல்லை. திருடத்தான் ஆள் போதவில்லை.