சிங்கத்தின் கையில் சாவி

பார்த்தே இராத ஜெர்மன் ஊர் ஒன்றின் சரித்திரத்தை மூன்று மொழிகளில் சொல்லக்கூடியவர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவரும் ஓசூரில் இருந்தார். எங்கள் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுகிறவர். எல்லோருக்கும் அவர் 'கிரீஸ்'. நிஜப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும்.

எண்பதுகளில் எங்களிடம் ஒரு பழைய ஜெர்மன் லேத் இருந்தது. அதன் நெற்றியில், அது தயாரான ஊரின் சின்னம் பொறித்த பித்தளைத் தகடு. சாவி பிடித்த சிங்கம், கீழே மூன்று அலைகள். கிரீஸ் தினமும் அதைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார். நின்று பார்த்தவனுக்கு விளக்கமும் உண்டு.

"சிங்கம் அந்த ஊரு ராஜா. அது ஏரி மதகு சாவி. தண்ணி உடமாட்டேன்னு கெட்டியா புடிச்சிக்கினு இருக்குது பாரு!"

பாகலூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர்களிடம் சொல்லும்போது, இதே சிங்கம் தாராளமாக மதகைத் திறந்துவிடும். தெலுங்கில் சிங்கத்துக்குக் கல்யாணமே ஆகிவிடும்.

லேத்தைச் சரிபார்க்க ஒரு ஜெர்மன் என்ஜினீயர் வருவதாகத் தகவல் வந்தது. மேனேஜர் எல்லாவற்றுக்கும் பச்சை பெயிண்ட் அடிக்கச் சொன்னார், தகடு உட்பட. கிரீஸ் குறுக்கே நின்றுவிட்டார்.

"என் மேல வேணா அடிங்க சார். இதும்மேல பிரஷ்ஷு படக்கூடாது."

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நான்கு பக்கம் விளக்கம் எழுதினார். முழுக்கச் சிங்கத்தின் வரலாறு. வெள்ளைக்காரர் போனதும் சஸ்பெண்ட் என்றார் மேனேஜர். கிரீஸுக்குக் கட்டிக்கொடுக்க இரண்டு பெண்கள். அந்த வாரம் அவர் யாரிடமும் கதை சொல்லவில்லை.

வந்தவர் தகட்டைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். அது அவருடைய சொந்த ஊராம். அலைகள், ஊரை ஒட்டி ஓடும் ஆறு. சிங்கம், ஊருக்கு நகர உரிமை கொடுத்த பிரபுவின் கொடியில் இருந்தது. சாவி, ஊர்த் தேவாலயத்துப் புனித பேதுருவின் கையிலிருக்கும் சொர்க்கத்துச் சாவி. அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான்தான் கிரீஸுக்குத் தமிழில் சொன்னேன்.

கிரீஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாவம், இவருக்கு யாரோ தப்பா சொல்லிக் குடுத்துட்டாங்க" என்றார்.

மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. கிரீஸ் என்ன சொன்னார் என்று விருந்தாளி விடாமல் கேட்டார். வேறு வழியின்றி மதகுக் கதையை ஆங்கிலத்தில் சொன்னேன். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கிரீஸின் எண்ணெய்க் கையை இரண்டு கைகளாலும் பற்றி, "எங்கள் ஊரில்கூட இதை இவ்வளவு சுத்தமாக யாரும் வைத்ததில்லை" என்றார். அதற்கப்புறம் சஸ்பெண்ட் பேச்சை மேனேஜர் எடுக்கவே இல்லை.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் கிரீஸ் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "தம்பி, அந்தாளு சொன்னதுதான் நெஜமா?"

முகம் வாடியிருந்தது.

"இல்லண்ணா. சின்ன வயசுலயே ஊரை உட்டு வந்துட்டாராம். அவருக்கும் சரியா தெரியல."

நான் சொன்ன பொய்களில், இன்றுவரை வருந்தாதது அது ஒன்றுதான்.