பானெட் பண்டிதர்

நடுவழியில் நின்றுபோன காரின் பானெட்டைத் தூக்கினால் முதலில் வெளியே வருவது புகை என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? இல்லை. முதலில் வருகிறவர் பானெட் பண்டிதர். ஈ காக்கை இல்லாத இடமாகப் பார்த்து வண்டி நின்றாலும், வாயில் வேப்பங்குச்சியோடு வரப்பு தாண்டி வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, என்ஜினுக்குள் தலையை விட்டு, யாரும் கேட்காமலே நோயைச் சொல்லி, மருந்தையும் சொல்லி, வண்டியை வாங்கியவன் ஏமாளி என்பதையும் சொல்லிவிட்டுத்தான் எச்சிலைத் துப்புவார். அவருக்கென்று சொந்த வண்டி கிடையாது. இருந்தால் அல்லவா கஷ்டம் தெரியும். அவர் அறிந்த என்ஜின் உலகத்தில் ஒன்றே ஒன்று, அம்பாசடர். மற்றதெல்லாம் அதற்குப் பிறந்த பிள்ளைகள்.

எங்கள் பக்கத்துப் பண்டிதர் ஏகாம்பரம். எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் அவர் பார்த்த வைத்தியத்தைக் கேளுங்கள்.

உத்திரமேரூர் வேதகிரி, மெட்ராஸில் ஏலத்தில் எடுத்த பழைய சீமைக் காரில் தங்கை மங்கம்மாவைக் காஞ்சிபுரம் கோர்ட்டுக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார். புருஷனை இழந்தவள். அவளுடைய முக்கால் ஏக்கர் நஞ்சையைத் தன்னுடையது என்று கொழுந்தன் கேஸ் போட்டிருந்தான். இரண்டு வாய்தா தவறிவிட்டது. அன்றைக்கும் பத்தரைக்குள் போய் நிற்காவிட்டால் எக்ஸ்பார்ட்டி என்று ஒருதலைத் தீர்ப்பு, நிலம் கொழுந்தனுக்கு. கார் திருப்புலிவனம் தாண்டி நின்றது. மணி எட்டேகால்.

ஆள் அனுப்பி, மெக்கானிக் ஐசக் சைக்கிள் மிதித்து வந்து சேருவதற்குள் ஏகாம்பரம் ஆஜர்.

"கார்பரேட்டர்ல குப்ப கீது. கயட்டி ஊதுனா ஓடிப்பூடும்."

"அண்ணே, இதுல கார்பரேட்டரே கிடையாது" என்றார் ஐசக். "இன்ஜெக்‌ஷன் வண்டி. கரண்டு வந்து சொன்னாத்தான் பெட்ரோல பீச்சும். கம்பியத்தான் பாக்கணும்."

பண்டிதர் அசந்தாரா?

"கார்பரேட்டர் இல்லியா? அப்ப அதாம்பா கோளாறு."

ஐசக் சாவியைத் திருகிக் காது கொடுத்தார். பெட்ரோல் பம்பு ஓடும் சத்தமே இல்லை. பம்புக்குப் போகும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் பின்பக்கம் போக, முன்பக்கம் நம்மவர், 'இதெல்லாம் அம்பாசடர்ல இல்லவே இல்ல' என்று முனகியபடி, கைக்கு எட்டின கம்பியையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வேட்டியில் துடைத்து, தோன்றிய இடத்தில் சொருகிக்கொண்டிருந்தார். தடுக்க வேண்டிய வேதகிரி பவ்யமாகப் பக்கத்தில் நின்றார். பின்னால் கேள்விப்பட்ட எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

ஒன்பது மணிக்குக் காஞ்சிபுரம் பஸ் வந்தது. மங்கம்மா கேஸ் கட்டு இருந்த பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பஸ்ஸும் மெதுவானது. ஏகாம்பரம் நடுரோட்டுக்குப் போனார்.

"நீ போ நைனா. அஞ்சு நிமிஷத்துல நாங்களே எட்த்துக்கினு வந்துடுவோம்."

பஸ் போய்விட்டது.

"எதுக்குண்ணே அனுப்பிச்சீங்க?" என்று கேட்டாள் மங்கம்மா.

"கார வச்சிக்கினு பஸ்ல போவியா? ஊரு இன்னா பேசும்?"

அதற்குள் ஐசக், பின்பக்கம் பம்புக் கம்பி சேரும் சொருகியைப் பிரித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். உள்ளே காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம், பித்தளை முனையில் பச்சைக் களிம்பு. பிறகு எப்படிக் கரண்டு போகும்?

"இதுக்கு யாரு பொட்டு வச்சது?"

வேதகிரி ஏகாம்பரத்தைப் பார்த்தார். மூன்று வாரம் முன்னால், ஆயுத பூஜையன்று, 'வண்டிக்கு வெளிய வச்சா போதுமா' என்று கேட்டு, கண்ணில் பட்ட சொருகிகளையெல்லாம் பிரித்து, உள்ளே சந்தனம் பூசி மூடிய புண்ணியவான் இவர்தான்.

"சாமிக்கு வச்சது எங்கனா கெடுதல் பண்ணுமா?" என்றாரே தவிர, முகத்தில் ஒரு சுருக்கம் விழவேண்டுமே. ம்ஹூம்.

களிம்பைச் சுரண்டப் பத்து நிமிஷம்தான் ஆனது. பண்டிதர் முன்பக்கம் மாற்றிச் சொருகிய கம்பிகளை அதனதன் இடத்தில் சேர்க்க ஒன்றேகால் மணி நேரம். இடையில் வேறு பஸ் இல்லை. அவர்கள் கோர்ட்டுப் படியேறியபோது பதினொன்றேகால். மங்கம்மாவின் பெயரைக் கூப்பிட்டு, ஆள் இல்லை என்று எழுதி, தீர்ப்பும் ஆகிவிட்டது.

மத்தியானம் திரும்பி வருகையில் ஏகாம்பரமே காரை நிறுத்தி விசாரித்தார். விஷயம் தெரிந்ததும் உச்சுக் கொட்டினார்.

"அதான், நேரா நேரத்துக்குப் பஸ்ல போய்க்கினு இருந்தா இந்தப் பேஜார் உண்டா? யாரு கேக்கறா நம்ம பேச்ச?"

மங்கம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

நல்ல பிறவி என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உதடு துடிக்கிறதே, என்ன சொல்ல வருகிறீர்கள்? 'எக்ஸ்பார்ட்டி ஆனால் என்ன, முப்பது நாளுக்குள் மனுப் போட்டால் கேஸைத் திரும்ப எடுப்பார்களே, எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருத்தர் இருக்கிறார்,' அதுதானே? அப்படிச் சொல்லும் பதினோராவது ஆள் நீங்கள். முன்னால் சொன்ன பத்துப் பேர் காட்டிய பத்து வக்கீல் வீட்டுக்கும் அலைந்ததில்தான் மங்கம்மாவுக்கு அந்த முப்பது நாளும் போனது.