லியோடானின் கோழிக்கடை க்யூவில் என் லைன் போன கதை

லுயானோ பேட்டையில் கூரைக்குக் கூரை கேபிள் இழுத்து நெட்வொர்க் நடத்தும் மாண்புமிகு அரிஸ்டிதெஸ் அண்ணன் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் ஆன்டெனாவும் மின்வெட்டில்லாமல் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நான் யாய்மாரா. நேற்று தாங்கள் நெட்வொர்க்கில் நுழையத் தடை போட்ட அதே யாய்மாரா. ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் ஆட்டத்தின் இறுதிப் போட்டி, அணிக்கு ஐந்து பேர் வேண்டும், ஆகவே உண்மைக் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கிறேன். என் அணியிலேயே இருக்கிறான், லியோடான் என்கிற மாபெரும் மூளை.

நேற்று நம்மோடு ஆடிய, விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ரெக்லா அணிக்கு லைன் மெதுவாம். சமமாக ஆட வேண்டுமாம். அதனால் நாம் அழுத்துவதையெல்லாம் லைனில் சுமந்து போகும் நம் பக்கத்துப் பாக்கெட்டை எல்லாம் கால் நொடி பிடித்துவைத்து விட லியோடான் ஐயா ஒரு புரோகிராம் எழுதினார். கம்ப்யூட்டர் ஒவ்வொரு பாக்கெட்டையும் அதன் கையில் கொடுத்துவிட்டு, "விடவா?" என்று காத்திருக்கும். அதுவரை சரி. ஆனால் வரிசையை எப்படி அமைத்தான் தெரியுமா? கோழிக்கடை மாதிரி! நாம "யாருங்க கடைசி?"னு கேட்டு, அந்த ஆளை அடையாளம் வெச்சுட்டு நிழல்ல போய் உக்காருவோமே, அதே மாதிரி ஒவ்வொரு பாக்கெட்டும் முன்னாடி இருக்கறது போனாத்தான் போகும். நடுவுல ஒண்ணு தொலைஞ்சு போச்சு. கடைன்னா பின்னாடி நிக்கறவங்க கத்தி ஊரைக் கூட்டியிருப்பாங்க. பாக்கெட்டுக்கு வாய் ஏது? மொத்தமும் நின்னுடுச்சு, ஆட்டத்துல என் வீரன் ஈட்டியைத் தூக்கினபடியே சிலையாட்டம் நிக்கறான், ரெக்லாக்காரன் சுத்திச் சுத்தி வந்து குத்தறான்.

"டேய், என்னடா பண்ணி வெச்சிருக்க?"

"பொறு, வரிசை நகரும்."

"எப்போ, அடுத்த மாசமா?"

தாங்களாவது வந்து பாக்கலையேங்கற கோபத்துல பொது அரட்டையில நாலு வார்த்தை தட்டினேன். அதுவும் போகல, அதனால இன்னும் தட்டினேன். அப்பத்தான் அந்த மேதை "எல்லாத்தையும் விடு"ன்னு ஒரே அழுத்து அழுத்தினான். என் வீரன் ஒரே மூச்சுல ஓடி, ஈட்டி எறிஞ்சு, மருந்து குடிச்சு, எதிரி கோட்டைக்குள்ள போய் விழுந்தான். அதே நொடியில, தாங்கள் ரெக்லா விருந்தாளிங்களுக்கு வரவேற்புரை தட்டிட்டிருக்கறப்போ, "அரிஸ்டிதெஸ் தூங்கறாரா, செத்துட்டாரா" திரை பூராவும் கொட்டுச்சு.

எழுதினது நான்தான். ஆனா அந்த நேரத்துல எழுதல அண்ணா! அவனைத் தூக்கி எறிங்க. அவன் இடத்துல தெருவுல மேயற ஆட்டை உக்காத்தினாக்கூட நல்லா ஆடும்.

தங்கள் கேபிள்கள் புயலிலும் அறாதிருக்கட்டும்.

பணிவுடன்,
யாய்மாரா

பி.கு.: லியோடான் இப்பத்தான் வாசல்ல வந்து நின்னான். "புரோகிராம் என்னோடதுன்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். உன் தடையை எடுத்துட்டாரு, என் லைனைப் பிடுங்கிட்டாரு. போய் ஜெயிச்சுட்டு வாடி"ங்கறான், மடையன். அண்ணா, மேலே இருக்கற எதையும் படிக்காதீங்க. அவன் மேதைதான். அவனைத் திரும்பச் சேருங்க, அவன் இல்லாம நாங்க நாலு பேர்தான். கரண்ட் இல்லாததால இதைச் சைக்கிள்ல அவனே கொண்டு வர்றான். கவரை ஒட்டப் பசை கிடைக்கல. வழியில படிச்சுட்டான்னா நீங்க சேர்த்தாலும் அவன் வரமாட்டான்.