வாய் திறக்காத சாப்பாட்டு ராமன்

வாயில் ஒரு பருக்கை படாமலே தினமும் விருந்து சாப்பிட்ட சாப்பாட்டு ராமன் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் வார்டு மோப்பம் அண்ணாத்தே.

எண்பதுகளின் கடைசி. குடல்வால் ஆபரேஷன் செய்த புண் சீழ்பிடித்து, அம்பத்தூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பக்கத்துக் கட்டில் அவருடையது. கணையம் வீங்கி அழுகி, அந்த அழுகல் பெருங்குடலிலும் ஓட்டை போட்டுவிட்டதாம். அபூர்வமான கேஸ் என்று டாக்டர்களே சொன்னார்கள். வயிற்றைத் திறந்து சுத்தம் செய்வார்கள், மூடுவார்கள், மறுபடி திறப்பார்கள்.

"இன்னா சார், தெச்சித் தெச்சிப் பிரிக்கிறியே? ஒரு ஜிப்பு வெச்சி உட்டுடேன்!" என்பார் சர்ஜனிடம்.

உள்ளே ஆறும்வரை வாய்வழியாக ஒன்றும் கிடையாது. சிறுகுடலில் சொருகிய குழாயில்தான் ஆகாரம். அதற்காகச் சும்மா இருப்பாரா மனுஷன்? என் மனைவி ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து கேரியரோடு நுழையும்போதே மூக்கு விடைத்துவிடும்.

"தங்கச்சி, கருவாட்டுக் கொயம்பா? மூடிய இப்டிக் காட்டு."

மோந்து முடித்ததும் என்னை விரட்டுவார். "ரயிலப் புடிக்கவா போறே நைனா? மெல்ல மென்னு துன்னு. அந்த முருங்கக்காய்ல இன்னும் சத கீது பாரு, சப்பு!"

அவருக்கும் சேர்த்துத் தின்றே என் தையல் தெறித்துவிடும் போலிருந்தது. "வாயை அவருக்கு வாடகைக்கு விட்டுட்டீங்களா?" என்பாள் மனைவி.

அவரைப் பார்க்க மட்டும் ஈ, காக்கா வந்ததில்லை. கேரியர்களெல்லாம் கிளம்பிப் போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். எனக்குப் பாவமாக இருக்கும்.

ஒருநாள் மத்தியானம் சர்ஜன் வந்து, ஓட்டை மூடிவிட்டது, இனிக் கஞ்சி குடிக்கலாம் என்றார். வார்டே எட்டிப் பார்த்தது. சிஸ்டர் ஸ்பூனை நீட்டினார். அண்ணாத்தே வாயைத் திறக்கவில்லை! சிஸ்டர் கெஞ்சினார், மிரட்டினார். ம்ஹூம்.

"இத்தனை நாளா இதுக்குத்தானய்யா அலைஞ்சீங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

சிஸ்டர் நகர்ந்ததும் மெல்லச் சொன்னார். "துன்னா தேறிடுவேன். தேறிட்டா ஊட்டுக்கு அனுப்சிடுவாங்க. பொஞ்சாதி போனப்பறம் திருநின்றவூர்ல தனியாத்தான் கீறேன். எதிர்ல ஆளில்லாம எப்டி நைனா துன்றது?"

என் காலடியில் உட்கார்ந்திருந்த மனைவிதான் எழுந்தாள். "இனிமே ஞாயித்துக்கிழமைன்னா நம்ம வீட்லதான் சாப்பாடு. இப்பக் குடிங்கண்ணே!" என்று ஒரு அதட்டல். கஞ்சி உள்ளே போனது.

தொண்ணூறுகள் முழுக்க ஞாயிறுதோறும் வந்தார். அவர் வந்து உட்காராமல் எங்கள் வீட்டில் யாரும் சோற்றில் கைவைத்ததில்லை. அவர் போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தட்டு வைத்த பிறகும் நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். மனைவியும் பரிமாறாமல் நிற்கிறாள்.