வள்ளி இல்லாத வள்ளி திருமணம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். வெட்கம் ஒரு பக்கம், சாமி விஷயமாயிற்றே என்ற பயம் ஒரு பக்கம். முருகன் பார்த்துக்கொள்வான் என்று இப்போது எழுதிவிடுகிறேன்.

விழுப்புரத்தில் எங்கள் தெருக் கோயிலில் பங்குனி உத்திரத்துக்குப் பிள்ளைகள் நாடகம் உண்டு. முருகன் சூரனை வென்று, வள்ளியைக் கட்டுவதோடு முடியும். அந்த வருடம் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள் (ஒன்பதாவது வரை படித்தவன் என்ற மரியாதையில்).

அப்போதுதான் என் மகள் தர்ஷினி டிவியில் ஒரு கார்ட்டூன் பார்த்தாள். நாங்கள் தியேட்டரில் பார்த்த படத்தையே பிள்ளைகளுக்காகக் கார்ட்டூனாக்கியிருந்தார்கள்.

"அதே ஹீரோ, அதே வண்டி. ஹீரோயினா வந்த அந்த அக்காவ மட்டும் காணோமேப்பா?"

"பசங்க பாக்கறதுல லவ்வு கிவ்வு எதுக்குன்னு எடுத்துட்டிருப்பாங்கடீ" என்றாள் என் மனைவி.

எனக்கு அது வேதவாக்காகப் பட்டது. நாடகத்திலிருந்து வள்ளியை எடுத்துவிட்டேன். சூரசம்காரம், தீபாராதனை, சுண்டல், அவ்வளவுதான். வள்ளியாக நடிக்க இருந்தவள் தர்ஷினி.

"அந்த அக்கா மாதிரி என்னையும் எடுத்துட்டியாப்பா?" என்றாள். அவசர வேலை இருப்பதுபோல் வெளியே போய்விட்டேன் (ஒரு வேலையும் இல்லை).

உத்திரத்தன்று சூரன் செத்துக் கைதட்டல் அடங்கும்போது, திண்டிவனத்திலிருந்து என் அக்கா தன் மகளோடு வந்து இறங்கினாள். கையில் சீர்த்தட்டு, சேலை, மாலை. வள்ளி கழுத்து மாலையை வாங்கிப் போட்டுக்கொண்டால் கல்யாணம் கூடிவரும் என்பது எங்கள் நம்பிக்கை. அந்தப் பெண்ணுக்கோ வந்த வரனெல்லாம் தட்டிப்போய்க்கொண்டிருந்தது.

"வள்ளி எங்கடா?"

"இந்த வருசம் இல்லக்கா. கார்ட்டூன்ல கூட இப்பல்லாம்..."

"கார்ட்டூனா? எம் பொண்ணு மாலைக்கு நிக்கறாடா! இன்னாடா பேஜாரு பண்ணி வெச்சிருக்க?"

கூட்டம் சிரித்தது. சிரித்தது என்னைப் பார்த்து. தலைகுனிந்தது அக்கா மகள்.

வீட்டுக்கு ஓடினேன். தர்ஷினி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"கண்ணு, ஜல்தி வா. வள்ளி வேணும்."

"சும்மா தலைய குனிஞ்சிக்கினு நிக்க மாட்டேன். முருகனோட வேல எங்கிட்ட குடு. நானும் சூரன குத்துவேன்."

வள்ளி வேல் பிடிக்கலாமா என்று பூசாரியிடம் கேட்டேன். "முருகனுக்கு வேல குடுத்ததே அவரு அம்மாதானய்யா. பொண்ணு புடிச்சா இன்னா தப்பு?" என்றார்.

மேடைக்குப் பின்னால் சூரன் சுண்டல் தின்றுகொண்டிருந்தான். "மறுபடியும் சாவணுமா மாமா?" என்றான். தர்ஷினி வேலால் குத்த, வாயில் இருந்ததை மென்றுகொண்டே செத்தான். முருகன் வள்ளியைக் கட்டினார். மாலை அக்கா மகள் கழுத்துக்குப் போனது. ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். எல்லாம் அவன் கருணை.

கார்ட்டூன்காரர்கள் அந்த அக்காவை ஏன் எடுத்தார்கள் என்று எனக்கும் இப்போது புரிகிறது. படத்தில் அவளுக்குச் சும்மா நிற்பதைத் தவிர வேலையே கொடுக்கவில்லை. எடுத்தாலும் கதை ஓடத்தானே செய்யும்?

இன்றைக்கும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் திண்டிவனத்துக்காரர்கள், "பொண்ணு இருக்குதா, இல்ல மாமா எடுத்துட்டாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் பந்தியில் உட்காருகிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. வள்ளி கிடைக்காமல் நானே மீசையோடு சேலை கட்டி உட்கார்ந்ததாக அக்கா சொல்லிக்கொண்டு திரிகிறாள். நீங்கள் நாலு பேருக்குச் சொல்வதானால், கூட்டாமல் குறைக்காமல் இங்கே இருக்கிறபடியே சொல்லுங்கள். முருகன் அறிய, நான் சேலை கட்டவில்லை.